பாக்கியத்தின் நாற்பத்தோரு நகல்கள்

முதல் புகாரைக் கேட்டுப் பண்ணையில் எல்லோரும் சிரித்தார்கள்.

மைசூருக்குப் பக்கத்தில் ஒரு விடுதியிலிருந்து வந்த புகார் அது. அங்கே புதிதாக வந்திருக்கும் கேப்பிபாராவின் முன்னால் சோளக்கருதை வைத்தால் அது தின்பதில்லையாம். பார்த்துக்கொள்ளும் ஆள் முதலில் ஒரு கடி கடித்துக் காட்டினால்தான் தின்கிறதாம். சோளம் என்றால் பரவாயில்லை, காலையில் புல்லையும் அல்லவா கடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது என்று அந்த ஆள் வருத்தப்பட்டிருந்தார்.

"அப்படியே நம்ம பாக்கியம்" என்றார் டாக்டர் நஞ்சப்பன். பாக்கியத்தைப் பார்த்துக்கொள்ளும் கோகிலவாணிக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் அவர்தான்.

ஆழியாறு போகும் சாலையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஆறு ஏக்கரில் இருந்தது நஞ்சப்பனின் பண்ணை. அரசுக் கால்நடை மருத்துவராக முப்பது ஆண்டுகள் மாட்டுக் கொட்டகைகளில் கழித்தவர், ஓய்வு பெற்ற பிறகு வெளிநாட்டுப் பிராணிகளை முறைப்படி வாங்கி வளர்க்கத் தொடங்கினார். பஞ்சவர்ணக் கிளிகள், இகுவானாக்கள், எழுந்து நின்று பார்க்கும் மீர்கேட்டுகள், பாக்கியத்தையும் சேர்த்து நான்கு கேப்பிபாராக்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக நிற்பது கேப்பிபாராக் குளத்தருகில்தான். தென் அமெரிக்கச் சதுப்பு நிலங்களில் வாழும் எலி இனம் அது. நாயை விடப் பெரியது, ஐம்பது கிலோ எடை. எதற்கும் அலட்டிக்கொள்ளாத முகம்.

பண்ணையில் புல் வெட்டும் தங்கராசு அதைப் பெருச்சாளி என்றுதான் சொல்வார். "எங்கூட்டுல இதுல பத்துல ஒரு பங்கு வந்தாலே வெளக்கமாத்த எடுத்துட்டு ஓடறோம். இங்க டிக்கெட்டு போட்டுப் பாக்கறாங்க" என்பது அவர் வழக்கமான பேச்சு. பாக்கியத்துக்கும் அவரைப் பிடிக்காது. அவருடைய புல் வெட்டும் இயந்திரத்தின் சத்தம் கேட்டால் தண்ணீருக்குள் போய்விடும். கண்ணும் காதும் மூக்குத் துவாரமும் மட்டும் வெளியே தெரியும்.

பாக்கியம் குட்டியாக வந்தபோது மூன்று நாட்கள் எதையும் தின்னவில்லை. கோகிலவாணி அதன் முன்னால் உட்கார்ந்து சோளத்தை ஒரு கடி கடித்தார். மென்றார். மீதியை நீட்டினார். அது வாங்கித் தின்றது. சிமென்ட் குளத்தைக் கண்டு பயந்தபோது, புடவைக்கு மேல் போட்டிருந்த முழுக்கைச் சட்டையோடு அவரே முதலில் இறங்கி நின்றார். அதுவும் இறங்கியது. ஆறு ஆண்டுகளில் தராசில் ஏறவும், வாயைத் திறந்து பல்லைக் காட்டவும், ஊசிக்குத் தொடையைக் கொடுத்துவிட்டு அசையாமல் நிற்கவும் கற்றது. கோல் இல்லை, கயிறு இல்லை. வேலை முடிந்ததும் தாடையை அவர் பாதத்தின் மேல் வைத்துப் படுத்துக்கொள்ளும். அது பாக்கியமாகவே கண்டுபிடித்தது.

பார்வையாளர்களுக்குக் காட்டும் எந்தப் பிராணியையும் கட்டிப்போட்டோ வலை வீசியோ பரிசோதிக்கக் கூடாது, அது தானாக வர வேண்டும் என்று சட்டம் வந்தது அதன் பிறகுதான். நல்ல சட்டம். ஆனால் அப்படிப் பழக்கத் தெரிந்தவர்கள் நாட்டில் விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். பெங்களூர் நிறுவனம் ஒன்று அதற்கு வழி செய்தது. பழகிய பிராணியின் தலையில் மெல்லிய வலைத் தொப்பி ஒன்றை ஓராண்டு மாட்டி வைத்து, அது கற்றதைப் பதிவு செய்வார்கள். அதே இனத்தைச் சேர்ந்த இளசுகளுக்கு மதிய உறக்கத்தில் தொப்பி மாட்டி, இருபது நாட்களில் அந்தப் பதிவை இறக்குவார்கள். பிறகு அவையும் தாமாகத் தராசில் ஏறும். அடியும் மயக்க ஊசியும் இல்லாமல் போகும் என்றுதான் நஞ்சப்பன் சம்மதித்தார். அவர் பார்த்த அடிகள் அவருக்குத் தெரியும்.

அந்த ஓராண்டும் கோகிலவாணி ஒரு நாள் கூட விடுப்பு எடுக்கவில்லை. தங்கை மகள் கல்யாணத்துக்குக் கூட முகூர்த்தத்துக்குப் போய்விட்டு மதியத்துக்குள் திரும்பினார். வேறு யாரையும் பாக்கியத்துக்குத் தீனி வைக்க விடவில்லை. பதிவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். பதிவும் சுத்தமாகத்தான் இருந்தது. நாற்பத்தோரு இடங்களுக்குப் போனது.

இரண்டாவது மாதம் வந்த புகார்களைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. குஜராத்திலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஏலகிரியிலிருந்தும் ஒரே சேதி வந்தது. மாலை நாலு இருபதுக்கு அவை எழுந்து வேலியோரம் வந்து நிற்கின்றன. சாலையில் மொபெட் சத்தம் கேட்டால் விசில் போலக் குரல் கொடுக்கின்றன. மொபெட் கடந்து போனதும் அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன. சில தீனியைக் குறைத்துவிட்டன. இரண்டு எதையுமே தொடுவதில்லை; அவற்றுக்குக் குழாய் வழியாகக் கஞ்சி போகிறது.

கோகிலவாணி மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வெயில் தணிந்ததும் மொபெட்டில் திரும்பும் நேரம் நாலு இருபது.

நிறுவனத்திலிருந்து மெர்லின் வந்தார். நாகர்கோவில்காரர், முப்பது வயது இருக்கும். தொப்பியை வடிவமைத்த குழுவில் ஒருவர். அலுவலக அறையில் உட்கார்ந்து, கொண்டுவந்த கணினியைத் திறக்காமலேயே பேசினார்.

"பழக்கத்த மட்டும் எடுக்கறோம்னுதான் நெனச்சோம் அக்கா. தராசு, பல்லு, ஊசி. ஆனா பாக்கியம் தராசுக்காகத் தராசுல ஏறல. நீங்க சொன்னீங்கன்னு ஏறிச்சு. அந்த ரெண்டையும் எங்களால பிரிக்க முடியல."

"அப்ப அதுங்களுக்கு என்னையத் தெரியுமா?"

"உங்களத்தான் தெரியும். வேற யாரையும் தெரியாது. ஒரு வருசப் பதிவுல உங்களத் தவிர அது நம்பி நெருங்குன மனுசர் ஒருத்தர் இல்ல."

கோகிலவாணி நஞ்சப்பனைப் பார்த்தார். அவர் மேசை மேலிருந்த வெப்பமானியை எடுத்து உதறி, மறுபடி வைத்தார்.

நேரில் பார்க்க வேண்டும் என்றார் கோகிலவாணி. மெர்லின் தயங்கினாலும் மறுநாள் காரில் ஏலகிரிக்கு அழைத்துப் போனார். மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சிறிய பூங்காவில்தான், எதையும் தொடாத இரண்டில் ஒன்று இருந்தது. பெயர் மோச்சா. கோகிலவாணி அதை அதற்கு முன் பார்த்ததில்லை. அதுவும் அவரைப் பார்த்ததில்லை. வேலிக்கதவு திறந்த சத்தத்துக்குத் தலையைத் தூக்கியது. மெலிந்த உடம்போடு ஓடி வந்து, தொண்டைக்குள் கடகடவென்று சத்தமிட்டபடி அவர் செருப்பைச் சுற்றி முகர்ந்துவிட்டு, பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்தது. உடம்பு ரோமம் முழுவதும் சிலிர்த்து நின்றது. ரொம்பப் பிடித்தவர் தொட்டால் மட்டும்தான் அந்த இனத்துக்கு அப்படி நிற்கும்.

அவர் கடித்துக் கொடுத்த சோளம் நான்கையும் தின்றது. பூங்கா ஊழியர்கள் கை தட்டினார்கள். திரும்பும்போது கார் அரை மைல் போன பிறகும் அதன் விசில் கேட்பது போலிருந்தது அவருக்கு.

"வந்திருக்கக் கூடாது மெர்லின். ஒருக்காப் போனவளுக்காக அழுதுட்டிருந்துச்சு. இப்ப ரெண்டாவது தடவயும் போயிட்டேன்."

நாற்பத்தோரு இடங்களிலும் அவர் போய்க் குடியிருக்க முடியாது. பதிவைத் துடைத்துவிடலாம் என்று நிறுவனத்தில் ஒரு பேச்சு இருந்தது. தங்கள் சோதனைக் கூடத்திலேயே ஒன்றைத் துடைத்துப் பார்த்திருந்தார்கள். அந்தக் காணொளியை மெர்லின் காட்டினார். குளத்தின் கரையில், கொளுத்தும் வெயிலில் ஒரு கேப்பிபாரா நின்றுகொண்டிருந்தது. தோல் வெடித்திருந்தது. தண்ணீரைப் பார்த்தது, இறங்கவில்லை. தண்ணீருக்குள் இறங்கலாம் என்று அதற்குத் தைரியம் கொடுத்தது எதுவோ, அதுவும் துடைத்ததில் போய்விட்டது. காணொளி முடிவதற்கு முன்பே கோகிலவாணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் கோகிலவாணி மெர்லினிடம் ஒரு யோசனை சொன்னார்.

பண்ணையில் ஒரு பிராணியைப் பார்த்துக்கொள்பவர் வேலையை விட்டுப் போகும்போது ஒரு முறை உண்டு. ஆள் பழக்குவது என்பார்கள். புதிய ஆள், பழைய ஆளின் துவைக்காத வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் அவர் பின்னால் நிற்க வேண்டும். அடுத்த வாரம் பக்கத்தில். அதற்கடுத்த வாரம் முன்னால். பிறகு ஒரு நாள் பழைய ஆள் வரமாட்டார். பஞ்சவர்ணக் கிளிகளுக்கு இப்படித்தான் மூன்று முறை ஆள் மாறியது. பாக்கியத்தையும் இன்னொருவரிடம் அப்படிப் பழக்குவது, பழக்குவதையே பதிவு செய்து நாற்பத்தொன்றுக்கும் அனுப்புவது. அதுதான் யோசனை.

மெர்லின் எச்சரித்தார். "நடிச்சா ஆகாது அக்கா. பாக்கியம் நெசமாவே அவர்கிட்டப் போகணும். நீங்க நெசமாவே போயிடணும். சத்தம், வாசனை எதுவும் வரக் கூடாது. ஐம்பது நாள். அதுக்கப்புறம் அது உங்களத் தேடுமான்னு என்னால சொல்ல முடியாது."

"தெரியுது."

"யார்கிட்டப் பழக்கப் போறீங்க?"

கோகிலவாணி சொன்ன பெயரைக் கேட்டு நஞ்சப்பனே நாற்காலியைப் பின்னால் தள்ளினார். தங்கராசு. அதற்கு ரொம்பப் பிடித்த ஆளிடம் பழக்கினால், பிடித்தவரிடம் போக மட்டும்தான் நகல்கள் கற்கும் என்றார் கோகிலவாணி. அங்கெல்லாம் யார் யாரோ இருப்பார்கள். பயந்த ஆளிடமும் போய்ச் சேரலாம் என்று பாக்கியம் கற்றால்தான் மற்றவற்றுக்கு உதவும்.

தங்கராசு முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. தனக்கும் பெருச்சாளிக்கும் ஏழாம் பொருத்தம் என்றார். கடைசியில் கோகிலவாணியின் நீலக் கட்டச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பொத்தான் பூட்ட முடியாத வயிற்றோடு வந்து நின்றார். டிக்கெட் கொடுக்கும் பெண்கள் அவரை ஒரு வாரம் "அக்கா" என்றே கூப்பிட்டார்கள். முன்பல் இரண்டும் கட்டியது என்பதால் சோளம் கடிப்பது அவருக்குச் சித்திரவதை. கடைவாயில் வைத்து, தலையைச் சாய்த்துக் கடிப்பார். பாக்கியமும் தலையைச் சாய்த்துக்கொண்டு அதைப் பார்க்கும். புல் வெட்டும் இயந்திரத்தை அவர் நிறுத்தி வைத்துவிட்டு அரிவாளுக்கு மாறினார்.

மூன்று வாரங்கள் முடிந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை கோகிலவாணி பாக்கியத்துக்குப் பல் பார்த்தார், எடை பார்த்தார், பாதத்தின் மேலிருந்த தாடையை எப்போதும் போல மெதுவாக நகர்த்திவிட்டு எழுந்தார். சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொண்டால் குரல் மாறும், பதிவில் அதுவும் ஏறும் என்று பயந்தார்.

மறுநாளிலிருந்து மொபெட்டைச் சாலை முக்கிலிருந்த டீக்கடையில் நிறுத்திவிட்டு, வாய்க்கால் வரப்பில் நடந்து, பண்ணையின் மறு கோடியிலிருந்த கிளிக்கூண்டுகளுக்கு வேலைக்கு வந்தார். காற்று அங்கிருந்து குளத்தின் பக்கம் வீசாது.

ஒன்பதாம் நாள் மாலை கைப்பேசியில் தங்கராசு கூப்பிட்டார். குரல் ரகசியம் பேசுவது போலிருந்தது.

"அம்மிணி, ரெண்டு நாளா ஒண்ணுந் திங்கலீங். வேலிகிட்டயே கெடக்குது. விசிலடிச்சு விசிலடிச்சு இப்பச் சத்தங் கூட வல்ல. ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்க. நான் ஆருகிட்டயும் சொல்லமாட்டன்."

கோகிலவாணி கிளிக்கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூப்பிடு தூரம்தான். நடந்தால் நாலு நிமிடம்.

"அண்ணா, தொப்பி தலையில இருக்குதா?"

"இருக்குதுங்."

"அப்ப நான் இப்ப வந்தா, அழுதா ஆளு வரும்னு நாற்பத்தொண்ணும் கத்துக்கும். அங்கெல்லாம் ஆரு வருவா?"

தங்கராசு போனை வைக்கவில்லை.

"நீங்க இருங்க அண்ணா. பேசுங்க அதுகிட்ட. வீட்டுக்குப் போகாதீங்க" என்று சொல்லிவிட்டு அவரே துண்டித்தார். அன்று கிளிகளுக்குப் பழம் நறுக்கியதில் விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டார்.

தங்கராசுக்குப் பிராணியிடம் பேசத் தெரியாது. என்ன பேசுவது என்றும் புரியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று, அன்றைய செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தார். தேங்காய் விலை, மழை நிலவரம், கண்ணீர் அஞ்சலி விளம்பரங்கள். மறுநாளும் படித்தார். அதற்கு மறுநாள் வரி விளம்பரம் வரை வந்திருந்தபோது, பின்னால் தண்ணீர் கலங்கியது. பாக்கியம் நீந்தி வந்து அவர் இடுப்பில் மூக்கால் இடித்தது.

அவர் கரையேறி உட்கார்ந்தார். அதுவும் ஏறியது. ஒரு கருதைக் கடைவாயில் கடித்துக் கொடுத்தார். தின்றது. இன்னொன்றையும் தின்றது. பிறகு யோசித்து யோசித்து, தாடையைக் கொண்டுவந்து அவர் பாதத்தின் மேல் வைத்தது.

"ஒரு மணி நேரம்ங் டாக்டரய்யா" என்று நஞ்சப்பனிடம் பிற்பாடு சொன்னார் தங்கராசு. "காலு மரத்துப் போச்சு. எடுக்கோணும்னு மனசே வல்லீங்." அதன் பிறகு அவர் அதைப் பெருச்சாளி என்று சொல்லி யாரும் கேட்கவில்லை. வேறு யாராவது சொன்னால் திருத்தினார்.

ஐம்பது நாள் பதிவு நாற்பத்தோரு இடங்களுக்கும் போனது. இறக்கி முடிய இருபது நாட்கள். முதலில் கொச்சி, பிறகு மைசூர் என்று ஒவ்வொன்றாகச் சேதி வந்தது. மோச்சாவுக்குக் கஞ்சிக் குழாயை எடுத்துவிட்டார்கள். நாலு இருபதுக்கு அவை வேலியோரம் வருவதில்லை. ஒன்றிரண்டு மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்கின்றன. ஆளைப் பார்த்தால் அருகில் வருகின்றன. எந்த ஆளானாலும்.

கடைசி அறிக்கையோடு மெர்லின் மறுபடி வந்தார். கோகிலவாணி கிளிக்கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். மெர்லின் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கணினியில் பாக்கியத்தின் ஒட்டுதலை அளந்த இரண்டு கோடுகளைக் காட்டினார். ஒன்று நீலம், ஒன்று பச்சை.

"பச்சை தங்கராசண்ணன். பாருங்க, கீழ கெடந்து எப்படி ஏறியிருக்குன்னு. நீலம் நீங்க."

நீலக் கோடு ஐம்பது நாளும் ஒரே உயரத்தில் நேராகப் போயிருந்தது. ஒன்பதாம் நாளில் கூட அது இறங்கவில்லை.

"கொறஞ்சாத்தான் இன்னொண்ணு வளரும்னு நாங்க நெனச்சோம் அக்கா. கொறயவே இல்ல. பக்கத்துல இன்னொண்ணு வளந்திருக்கு, அவ்வளவுதான். நீங்க இப்பப் போனாலும் ஓடி வரும்."

கோகிலவாணி குழாயை மூடினார். "அந்த நாற்பத்தொண்ணுக்கும் இப்பிடித்தானா?"

"அதுங்களுக்கும்." மெர்லின் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "இப்ப வேற ஆளப் புடிச்சுக்கிச்சு பாருங்க, அதனால உங்க கோட்ட மட்டும் எடுத்தா ஆபத்தில்லன்னு கம்பெனில சொல்றாங்க. தண்ணிக்கும் பயப்படாது, தீனியும் நிக்காது. நேரில பார்க்காத ஒருத்தர நெனச்சிட்டிருக்கறது தேவையில்லாத சுமைன்னு அவங்க கணக்கு. பழக்குனவர் நீங்க. நீங்க கையெழுத்துப் போட்டா எடுத்துடுவோம்."

கிளிகளில் ஒன்று ஈரச் சிறகை உதறியது. கோகிலவாணி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அதுங்களுக்கு வலிக்குதா இப்ப?"

"இல்ல. இருக்கு. அவ்வளவுதான்."

"எனக்குன்னு கேட்டா எடுத்துருங்கன்னுதான் சொல்லுவேன். அத்தன பேரு நெனச்சிட்டிருக்காங்கன்னா ஒரு வாய் சோறு எறங்காது." அவர் மெர்லின் நீட்டிய பேனாவை வாங்கவில்லை. "அதுங்களுக்குன்னு கேட்டா, இருந்துட்டுப் போகட்டும் கண்ணு. மொதல்ல தண்ணிக்குள்ள எறங்க வெச்சது அதுதான்."

மெர்லின் படிவத்தை மடித்தார். காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் என்ன எழுதுவது என்று கேட்டார். என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளச் சொன்னார் கோகிலவாணி. பாக்கியத்தைப் பார்க்க இப்போதே போகலாமே என்று மெர்லின் சொன்னதற்கு, நாளைக்குத் தங்கராசண்ணன் இருக்கும்போது, அவரிடம் கேட்டுவிட்டுப் போகிறேன் என்றார்.

பிறகு இன்னொரு வாளியை எடுத்துக் கவிழ்த்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அதுங்களுக்கு என்னையத் தெரியும்ங்கற. எனக்கு அதுங்க பேரு கூடத் தெரியாது. படி, கேக்கலாம்."

மெர்லின் பட்டியலைத் திறந்தார். மைசூர், புட்டி. கொச்சி, கல்யாணி. ராஜ்கோட், லாடோ. ஒவ்வொரு பெயரையும் கோகிலவாணி ஒரு முறை தானும் சொல்லிப் பார்த்தார். ஏழாவது பெயரில் கையைக் காட்டி நிறுத்தி, கொஞ்சம் மெதுவாகப் படிக்கச் சொன்னார்.